எதிர்பார்ப்புக்கு மேல் கொடுத்த குற்றம்

அந்த ஆண்டும் சிறந்த நூலுக்கான விருது லாகரிதம் எண்கள் அச்சிட்ட மடக்கை அட்டவணைக்கே போயிற்று.

தூத்துக்குடி துறைமுக அரங்கில் கூடியிருந்த எழுத்தாளர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வேறு என்ன செய்வது? விடாமல் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருக்கிற புத்தகத்தை யார் என்ன சொல்ல முடியும்? மடக்கை அட்டவணையைத் திறக்கிறவர் மடக்கைகளை எதிர்பார்த்துத் திறக்கிறார். உள்ளே மடக்கைகள் இருக்கின்றன. ஏமாந்தவர் என்று ஒருத்தரைக் காட்டுங்கள் பார்க்கலாம்! ஆசிரியர் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டதால் அச்சக மேலாளர் மேடையேறிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு, "இந்த வெற்றிக்குக் காரணம் வாசகர்கள்தான்" என்று தழுதழுத்தார். இரண்டாம் பரிசு நீர்மூழ்கி மோட்டார் பழுதுபார்ப்புக் கையேட்டுக்கு.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சேர்மதுரையும் தட்டினான். ஆனால் மனசு தட்டவில்லை. அவன் மனைவி பேச்சியம்மாள் எழுதிய நாவலின் நிறைவெண் அன்று காலை நாற்பத்தொன்றில் நின்றது. மார்கழி முடிவதற்குள் அது அறுபதைத் தொடாவிட்டால் நாவல் காகிதக் கூழுக்குப் போய்விடும்.

நிறைவெண் என்பது நிறைவுமானி காட்டுகிற எண். நிறைவுமானி வேறொன்றுமில்லை, ஆள்காட்டி விரலில் போடுகிற மெல்லிய மோதிரம். புத்தகத்தின் பின்னட்டையைப் படிக்கும்போது உங்கள் நாடித்துடிப்பையும் தோலின் ஈரத்தையும் வைத்து, 'இவர் இவ்வளவு எதிர்பார்க்கிறார்' என்று அது குறித்துக்கொள்ளும். கடைசிப் பக்கத்தை முடிக்கும்போது 'இவருக்கு இவ்வளவு கிடைத்தது' என்று குறிக்கும். கிடைத்த அளவை எதிர்பார்த்த அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் நிறைவெண். எல்லா மோதிரங்களும் வாசகர் நிறைவு வாரியத்துக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். சராசரி அறுபதுக்குக் கீழே போன புத்தகத்தை வாரியம் கூழாக்கி அட்டைப்பெட்டி செய்துவிடும். புத்தகத்துக்கு மட்டுமல்ல, பிரியாணிக்கும் பல்பசைக்கும்கூட மோதிரம் உண்டு. தேர்தல் வாக்குறுதிக்கு மட்டும் கூடாதென்று முதல் வேலையாகச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

மோதிரம் வந்தபிறகு நாவல் எழுதுகிற முறையே தலைகீழாகிவிட்டது. இப்போதெல்லாம் பின்னட்டைதான் முதலில் வரும். 'பதைபதைக்க வைக்கும் மூன்று கொலைகள், கண்ணீர் வரவழைக்கும் ஒரு பிரிவு, இறுதியில் சுபம்' என்று பின்னட்டையர் எழுதிக்கொடுப்பார். எழுத்தாளர் அதை எதிரே மாட்டிவைத்துக்கொண்டு மூன்று கொலை, ஒரு பிரிவு, ஒரு சுபம் என்று அளந்து எழுதுவார். வாசகர் அதைச் சரிபார்த்துப் படிப்பார். எண் தொண்ணூற்றேழு வரும். எல்லாருக்கும் நிறைவு. சேர்மதுரை அந்தத் தொழிலில் கில்லாடி. அவன் பின்னட்டை என்றால் பதிப்பகங்கள் வாசலில் காத்துக்கிடக்கும்.

பேச்சிதான் கிறுக்குத்தனமாக நாவலை முதலில் எழுதிவிட்டாள். பின்னட்டை இல்லாமல்! ஏழு ஆண்டுகள் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டு, "இதுக்கு நீங்க ஒரு பின்னட்ட போட்டுத் தாங்க" என்று புருஷனிடம் நீட்டினாள். 'ஏழு பேர் ஏறிய தோணி' என்று பெயர். தூத்துக்குடியிலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போகும் ஒரு தோணி, அதில் ஏழு பேர். அவ்வளவுதான் கதை. சேர்மதுரை படித்தான். சிரித்தான், அழுதான், எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தான். எழுதி முடித்த புத்தகத்துக்கு அவன் அதுவரை பின்னட்டை எழுதியதே கிடையாது. அதிலும் இது அவன் பேச்சி எழுதியது. உள்ளத்தில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டான்.

'இந்தத் தோணியில் ஏறினால் நீங்கள் கரை திரும்ப மாட்டீர்கள். பக்கத்துக்குப் பக்கம் கடல் கொந்தளிக்கும். படித்து முடிக்கும்போது உங்கள் வீட்டுக்குள் அலை அடிக்கும்.'

வாங்கியவர்கள் எல்லாரும் புயலுக்குக் காத்திருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் காத்திருந்தார்கள். தோணி பத்திரமாக மாலத்தீவு போய் வெங்காயத்தை இறக்கியது. நாற்பத்தொன்று!

விருது விழாவிலிருந்து அவன் வீடு திரும்பியபோது பேச்சி தரையில் உட்கார்ந்து நண்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக் குடுத்தாவ?"

"மடக்கைக்குத்தான்."

"நல்ல புஸ்தகம்தான," என்றாள் அவள். "சொன்ன சொல்லு மாறாதுல்லா?"

சேர்மதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். "எல்லாம் என்னாலதான் பேச்சி. உன் நாவல நாந்தான் கெடுத்துட்டேன்."

"அது என்னமோ வாஸ்தவம்தான். உங்க பின்னட்டையப் படிச்சா எனக்கே அந்த நாவலப் படிக்கணும்னு ஆசையா வருது. நாந்தான் அத எழுதலியே!" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்து முடித்ததும் கை நின்றுவிட்டது. "ஏழு வருசங்க. அட்டப்பெட்டி ஆக்கிருவாவளோ?"

பேச்சி எதற்கும் கலங்குகிறவள் இல்லை. புத்தகம் வந்த நாளிலிருந்து தினமும் காலையில் எண்ணைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் காப்பி போடுகிறவள். இன்றைக்கு அவளே வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"இன்னொரு பின்னட்ட எழுதுதேன்," என்றான். பின்னட்டைகள் எழுத்தை மாற்றக்கூடிய மின்தோலில் இருந்தன. வாரியம் ஒரு நூலுக்கு ஒரே ஒருமுறை மாற்ற அனுமதிக்கும். மாற்றினால் எல்லாப் பிரதிகளிலும் மாறிவிடும். "இன்னும் அழுத்தமா எழுதுதேன். படிச்சவன் ஆடிப் போகணும்."

"ஐயையோ, சாமி! இருக்கிற நாப்பத்தொண்ணும் போயிரும்." பேச்சி ஈரக்கையால் நெற்றியைத் தொட்டுக்கொண்டாள். "உங்கள நான் பாக்கும்போது தரகர் என்ன சொல்லிருந்தாரு தெரியுமா? மாப்பிள ஆளு சுமார்தான், வாய் ஓயாது, பாடிக்கிட்டே இருப்பான், பாட்டும் சரியா வராதுன்னு சொன்னாரு. நான் சரின்னு மனச தேத்திக்கிட்டு வந்து உக்காந்தா, நீங்க நல்லாத்தான இருந்தீங்க! எனக்கு அன்னைக்கு வந்த சந்தோசம் இருக்கே, உலக அழகனையே காட்டிருந்தாலும் வந்திருக்காது."

சேர்மதுரை துள்ளி எழுந்தான்.

"வகுத்தல்!" என்று கத்தினான். "ஏட்டி, வகுத்தல்! மேல இருக்கிறது நீ எழுதினது. அது மாறாது. கீழ இருக்கிறது நான் எழுதினது. அதக் கொறச்சா எண்ணு தானா ஏறும்லா!"

"தரகருக்குத் தெரிஞ்சிருக்கு, உங்க வாரியத்துக்குத் தெரியலியே," என்றாள் பேச்சி.

சொல்வது எளிது. உயிருக்கு உயிராக நேசிக்கிற புத்தகத்தைப் பற்றி மட்டமாக எழுத உட்கார்ந்தால்தான் அதன் வேதனை தெரியும். சேர்மதுரை எழுதுவான், கை தன்னையறியாமல் 'அற்புதம்' என்று போய்விடும். அடிப்பான். 'ஓரளவு அற்புதம்' என்று வரும். பக்கத்தில் பேச்சி நின்றுகொண்டு, "ம்ஹும், இன்னும் எறக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கண்ணில் நீர் வர இதை எழுதினான்:

'ஏழு பேர் தோணியில் வெங்காயம் கொண்டுபோகிறார்கள். புயல் வராது. கொலை கிடையாது. காதல் உண்டு, கொஞ்சம். வெங்காயம் நிறைய. வேறு வேலை இல்லையென்றால் படிக்கலாம்.'

பேச்சி அதைப் படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

மின்தோல் மாறியது. முதலில் படித்தவர்கள் நிஜமாகவே வேறு வேலை இல்லாதவர்கள். பல் மருத்துவமனையில் காத்திருந்தவர்கள், கப்பல் தாமதமாகித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டவர்கள். பிறகு, ஒரு புத்தகம் தன்னைப் பற்றி இப்படியும் சொல்லுமா என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள். யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. தோணிக்குள் ஏறினார்கள். எண் ஐம்பதைத் தாண்டியது, அறுபதைத் தாண்டியது. நூறு வந்த அன்று பேச்சி தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். நூற்றெழுபத்துமூன்றில் போய் நின்றபோது சேர்மதுரை மாடியில் நின்று பாடினான். தரகர் சொன்னது சரிதான், பாட்டு சரியாக வரவில்லை.

மறுவாரம் வாரியத்திலிருந்து அழைப்பாணை வந்தது. குற்றம்: எதிர்பார்ப்புக்கு மேல் கொடுத்தது.

வாரியத்தின் தலைவர் ரோஸ்லின் ஞானதீபம். நிறைவுமானிக்கான விதிகளை வகுத்தவரே அவர்தான். சிரிக்காத அம்மா என்று பெயர். ஆனால் நேர்மையில் அப்பழுக்கு சொல்ல முடியாது. விசாரணை மண்டபத்தில் சேர்மதுரையையும் பேச்சியையும் உட்காரவைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"எதிர்பார்ப்புக்கும் கிடைப்பதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை ஒழிப்பதுதான் இந்த வாரியத்தின் வேலை. இடைவெளி கீழே இருந்தால் என்ன, மேலே இருந்தால் என்ன? ஏமாற்று ஏமாற்றுதான்."

"மேடம், சந்தோசப்படுத்தினா ஏமாத்தா?" என்றான் சேர்மதுரை.

"சாட்சியைக் கேளுங்கள்."

சாட்சியாக வந்தவர் ஒரு அரசு ஊழியர். "தூக்கம் வரட்டும்னுதான் எடுத்தேன் மேடம். பின்னட்டைல அப்படித்தான் நம்பிக்கை குடுத்திருந்தாங்க. படிக்கப் படிக்கத் தூக்கமே போயிருச்சு. மறுநாள் ஆபீஸ்ல தூங்கினதுக்கு மெமோ குடுத்துட்டாங்க."

"புத்தகம் எப்படி இருந்தது?" என்று பேச்சி ஆவலாகக் கேட்டாள்.

"அத ஏன் கேக்கீங்க! நாலு பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கேன்."

தலைவர் மேசையைத் தட்டினார். "வேறு வேலை இல்லையென்றால் படிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிற வேலையைக் கெடுத்திருக்கிறது. வாரிய ஆணைப்படி மாற்றுவது அந்த ஒருமுறைக் கணக்கில் சேராது; சரியாக நூறு வருகிற மாதிரி உண்மையான பின்னட்டை ஒன்று வேண்டும். இல்லையென்றால் கூழ்."

சேர்மதுரை கணக்குப் போட்டுப் பார்த்தான். கூட்டி எழுதினால் நாற்பத்தொன்று, குறைத்து எழுதினால் நூற்றெழுபத்துமூன்று. நடுவில் நிற்கிற சொற்கள் அவனிடம் இல்லை. பக்கத்தில் பேச்சி அவன் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய ஏழு ஆண்டைக் கூழாக்குவதா என்ற கோபத்தில் அவன் எழுந்தான்.

"மேடம், எனக்கு அவ்வளவு தெறமை கெடையாது. நீங்க நேர்மையான ஆளு. நீங்களே படிச்சு, உள்ளத உள்ளபடி எழுதிக் குடுங்க. போட்டுக்கிடுதோம்."

தலைவருக்குத் தம் முறையில் அசைக்க முடியாத நம்பிக்கை. "கொடுங்கள்," என்று கையை நீட்டினார்.

முதலில் மூன்று வரி எழுதினார். வாசகர்களிடம் சோதித்தபோது நூற்றைம்பது வந்தது, தோணியின் சமையல்காரர் சவரிமுத்துவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லாததால். சவரிமுத்துவைச் சேர்த்தார். அப்புறம் அவர் ஏன் யாரோடும் பேசுவதில்லை என்பதைச் சேர்க்கவேண்டியிருந்தது. அதைச் சொன்னால் அவர் மகளுக்கு வாங்கிய வளையலைச் சொல்லாமல் விட முடியாது. வளையல் வந்துவிட்டால் அதைக் கடலில் போட்டவனைப் பற்றி எப்படிச் சும்மா இருப்பது? விவரம் ஒரு பக்கமானது, பத்துப் பக்கமானது. எதைச் சுருக்கினாலும் ஏதோ ஒன்று குறைந்தது, எண் நூறுக்கு மேலேயே நின்றது. அடுத்த விசாரணைக்குத் தலைவர் கண்கள் சிவந்து வந்தார்.

"இந்த நாவலைப் பற்றிய சரியான விவரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது," என்றார். "அது இந்த நாவல். இதில் ஒரு வரியைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை."

பேச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏழு ஆண்டில் அவளுக்கு யாரும் இதைவிட நல்ல வார்த்தை சொன்னதில்லை, சேர்மதுரை உட்பட.

ஆனால் தலைவர் விதியை விடுகிற ஆளா! ஆணை பிறப்பித்தார். இனி ஒவ்வொரு நூலும் இரண்டு பிரதிகளாக வரவேண்டும். ஒன்று 'விவரப்படி', இன்னொன்று 'நூல்'. இரண்டிலும் இருப்பது ஒன்றேதான். வாசகர் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு விவரப்படியை முழுக்கப் படித்துவிட்டு, அதன்பிறகு நூலைப் படிக்கவேண்டும். என்ன கிடைக்கும் என்று சொல்லுக்குச் சொல் தெரிந்த பிறகு கூடுவது ஏது, குறைவது ஏது? எல்லா நூலும் நூறு!

நாடே சிரித்தது. சேர்மதுரையும் பேச்சியும் மட்டும் பயந்துபோனார்கள். "ஒரு தடவ படிக்கவே ஆளு இல்ல. ரெண்டாவது தடவ யாரு படிப்பா?" என்றாள் பேச்சி. "கொட்டாவி விட்டே கூழாக்கிருவாங்க." சேர்மதுரையின் தொழிலும் போய்விட்டது, முழு நூலே விவரமான பிறகு பின்னட்டையருக்கு என்ன வேலை? ஆனாலும் அதைப் பற்றி அவனுக்குக் கவலையே வரவில்லை. தினமும் காலையில் பேச்சி எழுவதற்கு முன் எழுந்து, எண் வந்திருக்கிறதா என்று பார்த்தான்.

எண்கள் வரத் தொடங்கின. துப்பறியும் நாவல்களெல்லாம் மடமடவென்று சரிந்தன. கொலைகாரன் யாரென்று முழுக்கத் தெரிந்த கதையில் மூன்று கொலையைப் பார்த்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்? தொண்ணூற்றேழு வாங்கியவை ஒன்பதுக்கு வந்தன. அளந்து செய்த பிரிவுகள், அளந்து செய்த சுபங்கள், எல்லாம் இரண்டாவது தடவையில் பல்லிளித்தன.

'ஏழு பேர் ஏறிய தோணி'க்கு நூற்றுப்பதினெட்டு.

சேர்மதுரை கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். மறுநாள் நூற்றிருபத்தைந்து. என்ன ஆகிறது என்று அவனுக்கே புரியவில்லை. இருவரும் மீன் வாங்கப் போன இடத்தில் பேச்சியை ஒரு பெண் வழிமறித்துப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதான அந்தத் தோணி நாவல எழுதினது? மொதல்ல படிக்கும்போது ஏதாச்சும் நடக்குமா நடக்குமான்னு கடலயே பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டாந்தடவ ஒண்ணும் நடக்காதுன்னு தெரிஞ்சுபோச்சா, அப்பந்தான் தோணிக்குள்ள இருந்த ஆளுகளப் பாத்தேன். சவரிமுத்து மொதப் பக்கத்துலயே கெளம்பும்போது திரும்பிப் பாக்காருல்லா? எதுக்குன்னு இப்பந்தான் தெரிஞ்சுது. கொழம்பு கொதிக்குது, நான் அடுப்படியில நின்னு அழுதுக்கிட்டு இருக்கேன்!"

பேச்சி மீன்கூடையைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். சேர்மதுரைக்கு அந்த இடத்திலேயே ஒரு பாட்டு வந்தது. பேச்சி முறைத்ததால் விட்டுவிட்டான்.

ஆனால் விதி விதிதான். சொல்லுக்குச் சொல் தெரிவித்த பிறகும் நூறைத் தாண்டியிருக்கிறது. அதாவது விவரப்படி கொடுத்த வாக்கை மீறி நூல் அதிகம் கொடுத்திருக்கிறது. இரண்டிலும் இருப்பது ஒன்றேதான் என்றாலும் குற்றம் குற்றமே. மார்கழியின் கடைசி விசாரணை. பேச்சி நீலப் பட்டு உடுத்தி வந்தாள். "கூழுக்குப் போறதா இருந்தாலும் அழகாத்தான் வழியனுப்பணும்" என்று சொன்னாள்.

தலைவர் உள்ளே வந்தார். கையில் இரண்டு பிரதிகள், இரண்டும் ஓரம் நைந்திருந்தன. உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"நூல் வரம்பை மீறியிருக்கிறது. அதில் சந்தேகமில்லை. எவ்வளவு மீறியிருக்கிறது என்பதில்தான் சிக்கல். இரண்டாவது வாசிப்பில் எனக்கு நூற்றிருபது வந்தது. மூன்றாவதில் நூற்றுமுப்பத்தாறு. அளவு நிலையாக நிற்காமல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. நான்காவது வாசிப்பு முடியும்வரை வழக்கை ஒத்திவைக்கிறேன்."

"அதுவரைக்கும் நாவல், மேடம்?" பேச்சி எழுந்து நின்று கேட்டாள்.

"நிலுவையிலிருக்கும் வழக்கின் பொருளை அழிக்க வாரியத்துக்கு அதிகாரமில்லை. அலமாரியிலேயே இருக்கட்டும்."

"நாலாவதுலயும் ஏறிருச்சுன்னா?" என்றான் சேர்மதுரை.

"அஞ்சாவது இருக்கிறதே!" என்றார் சிரிக்காத அம்மா, லேசாகச் சிரித்து.

மண்டபம் அதிர்ந்தது. பேச்சி சேர்மதுரையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே எழுத்தாளர்கள் வரிசையாக நின்றார்கள். தங்கள் நூலின் மேலும் இதே குற்றத்தைச் சுமத்தவேண்டும் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு மனு. அதற்கு அவர்கள் முதலில் நல்ல நாவல் எழுதவேண்டியிருக்கும் என்று காவலாளி அவர்களுக்குப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

இருவரும் படியிறங்கும்போது பின்னால் வேகமாகக் காலடிச் சத்தம் கேட்டது. தலைவர்தான், மூச்சிரைக்க வந்தார்.

"பேச்சியம்மா, நீங்க அடுத்து ஏதாவது எழுதுறீங்களா?"

"ஆரம்பிச்சிருக்கேன் மேடம்."

"எதப் பத்தி?"

பேச்சி வாயைத் திறப்பதற்குள் சேர்மதுரை முந்திக்கொண்டான். "அத என்னன்னு சொல்ல மேடம், அது ஒரு..."

"வேண்டாம்!" நிறைவு வாரியத்தின் தலைவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். "தயவுசெஞ்சு ஒண்ணும் சொல்லாதீங்க. நான் எதிர்பார்க்க ஆரம்பிச்சிருவேன்!"

சொல்லிவிட்டு, விரலிலிருந்த மோதிரத்தைப் பார்த்தார். அது அப்போதே கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தது.